ரத்தம் ஊற வைக்கும் ஊசி: கிட்னி நோயாளி வீட்டிலிருந்து நான்கு வருட அனுபவம்

பொருள்: எரித்ரோபாய்டின் ஊசி, 4000 யூனிட். டயாலிசிஸ் வார்டில் ஈபிஓ ஊசி என்பார்கள், எங்கள் வீட்டில் ரத்த ஊசி. போட்டுக்கொள்பவர் என் அப்பா, வயது 61, சர்க்கரை வந்து 18 வருடம், டயாலிசிஸ் ஆரம்பித்து நான்கு வருடம். கடையில் வாங்குவது, ஐஸ் வைத்துக் கொண்டுவருவது, எந்தத் தேதியில் போட்டோம் என்று நோட்டில் எழுதுவது எல்லாம் நான். கம்பெனி பெயர் எழுதப்போவதில்லை. இந்த நான்கு வருடத்தில் மூன்று கம்பெனி ஊசி மாறியாயிற்று, மூன்றிலும் அப்பாவுக்கு ஹெச்பி (ஹீமோகுளோபின், ரத்த அளவு) ஏறியும் இருக்கிறது, ஏறாமல் நின்றும் இருக்கிறது. ஏறியதற்கும் நின்றதற்கும் காரணம் கம்பெனி இல்லை என்று எனக்குப் புரிவதற்கு ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடம் இன்னொரு வீட்டில் வீணாகக்கூடாது, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்பா குமாரபாளையத்தில் எட்டு விசைத்தறி போட்டு ஓட்டியவர். வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தாலும் பட்டறைச் சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று சொல்லிவிடுவார். டயாலிசிஸ் ஆரம்பிப்பதற்கு முந்தைய வருடம், பட்டறைக்கு ஏறும் ஒன்பது படியில் நாலாவது படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார். பங்குனி வெயிலில் போர்வை கேட்டார். செருப்பு மாட்டக் குனிந்து நிமிர்ந்தால் மூச்சு வாங்கியது. தறி நின்றுபோனாலும் திரும்பிப் பார்க்காமல் படுத்திருந்தார். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: வயசாச்சு, சர்க்கரை வேற இருக்கு. அம்மாதான் ஒருநாள் அவருடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "உள்ளே துவைச்ச வேட்டியாட்டம் வெளுத்துக் கெடக்குது" என்றார். மறுநாள் ரத்தம் கொடுத்தோம். கிட்னி கெட்டால் ஏறும் கிரியாட்டினின் 4.3, ஹீமோகுளோபின் 8.1. ஆண்களுக்கு 13க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்று கணக்கு.

கிட்னி என்றால் சிறுநீர் பிரிப்பது மட்டும்தான் வேலை என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்து, குறைந்தால் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து அனுப்பும். அது எலும்பு மஜ்ஜைக்குப் போய், சிவப்பணு செய் என்று சொல்லும். (ஆக்சிஜன் குறைவதை உடம்பின் செல்கள் எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்ததற்குத்தான் 2019இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். வாங்கிய மூன்று பேரில் பீட்டர் ராட்கிளிஃப் என்பவர் கிட்னி டாக்டராக இருந்தவர்.) கிட்னி கெட்டுப்போனால் இந்த ஹார்மோனும் குறைந்துவிடும். அதோடு, சாதாரணமாக 120 நாள் வாழும் சிவப்பணு, கிட்னி நோயாளி உடம்பில் அவ்வளவு நாள் தாங்குவதில்லை. செய்வதும் குறைவு, இருப்பதும் சீக்கிரம் அழிகிறது. இது சாப்பாட்டுக் குறையால் மட்டும் வரும் ரத்தசோகை இல்லை என்று அன்றைக்கே யாராவது எங்களை உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

ரத்தம் கம்மி என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சித்தி கட்டுக் கட்டாக முருங்கைக்கீரை கொண்டுவந்தார். பெரியம்மா தினமும் பீட்ரூட் ஜூஸ் போட்டுக் கொடுக்கச் சொன்னார். மாமா இரண்டு கிலோ பேரீச்சம்பழம். எல்லோரும் பாசத்தில் செய்தது, நாங்களும் நல்லது என்று நினைத்துத்தான் கொடுத்தோம். டயாலிசிஸ் ஆரம்பித்து இரண்டாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கால் துவள்கிறது, நெஞ்சு என்னவோ பண்ணுகிறது என்றார். பொட்டாசியம் 6.8. அன்று ராத்திரியே அவசர டயாலிசிஸ். நாங்கள் இரும்புச்சத்து என்று கொடுத்ததெல்லாம் பொட்டாசியம் மூட்டை. சிறுநீர் சரியாகப் போகாத உடம்பில் அந்தப் பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் சேர்ந்து இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். தயவுசெய்து, கிட்னி நோயாளிக்கு ரத்தம் ஊறட்டும் என்று கீரையும் உலர்பழமும் மாதுளை ஜூஸும் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். டாக்டரையோ டயட்டீஷியனையோ கேட்டுவிட்டு, லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

சரி, ஊசிக்கு வருகிறேன்.

இந்த மருந்து வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சிகாகோவில் யூஜின் கோல்ட்வாசர் என்ற விஞ்ஞானி இருபது வருடத்துக்கும் மேல் இந்த ஹார்மோனைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் ஜப்பானிலிருந்து டகாஜி மியாகே என்ற டாக்டர், மஜ்ஜை வேலை செய்யாத நோயாளிகளிடம் சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீரை வற்றவைத்து உலர்த்திப் பொடியாக்கி எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவு சிறுநீரிலிருந்தும் கிடைத்த சுத்தமான ஹார்மோன் சில மில்லிகிராம்தான். அந்த ஆய்வை 1977இல் வெளியிட்டார்கள். அப்புறம் அதன் மரபணுவைக் கண்டுபிடித்து, சீன ஹாம்ஸ்டர் என்ற சின்ன எலியின் செல்லுக்குள் வைத்து அதைச் செய்ய வைத்து, 1989இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி வாங்கினார்கள். அதற்கு முன்னால் டயாலிசிஸ் நோயாளிகளில் நிறையப் பேர் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றிக்கொண்டேதான் உயிரோடு இருந்திருக்கிறார்கள். வார்டில் ஒரு தடவை காத்திருந்தபோது இதை அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன். சிரிஞ்சை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் மாதிரி நிறமே இல்லாத மருந்து, ஒரு டீஸ்பூன் கூட வராது.

வாங்குவதில் கவனிக்க வேண்டியது இரண்டு. விலையும் குளிர்ச்சியும். அட்டையில் அச்சடித்திருக்கும் விலைக்கு வாங்காதீர்கள், மொத்த மருந்துக் கடையில் கேளுங்கள், எங்களுக்குப் பாதிக்கும் கீழே கிடைத்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அப்பாவுக்கு டயாலிசிஸுக்குக் காசு இல்லை, ஊசி மட்டும் ரொம்ப நாள் நாங்கள் கையிலிருந்து போட்டு வாங்கினோம். உங்கள் ஆஸ்பத்திரியில் ஊசியும் சேர்த்தா, தனியா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

குளிர்ச்சி விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒரு மே மாதம் ஈரோட்டில் ஒரு கடைக்காரர் நான்கு ஊசியையும் வெறும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார், நானும் தெரியாமல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன், வீட்டுக்கு வரும்போது அட்டைப்பெட்டி சூடாக இருந்தது. அந்த ஊசிகளைப் போட்டதில் பலன் இருந்ததா இல்லையா என்று எப்படிச் சொல்வது, பார்வைக்கு அது அப்படியே தெளிவாகத்தான் இருந்தது. அதிலிருந்து வாய் அகன்ற ஃபிளாஸ்க்கில், ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றி, அதன்மேல் ஊசிப் பெட்டியை வைத்துக் கொண்டுவருகிறேன். ஐஸ் நேராக ஊசியில் படக்கூடாது, உறைந்துபோனால் அந்த மருந்து வீண், குப்பையில்தான் போட வேண்டும். ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு ஒட்டிய தட்டிலும் வைக்கக்கூடாது, கதவிலும் வைக்கக்கூடாது. குலுக்கவும் கூடாது. அப்பா டானிக் பாட்டில் மாதிரி அதைக் குலுக்கப் பார்ப்பார், அம்மா பிடுங்கி வைத்துவிடுவார். போடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறைகிறது.

இப்போது அந்த ஒன்றரை வருடம். முதலில் நாங்கள் போன டயாலிசிஸ் சென்டரின் பெயர் வேண்டாம். மெஷின் நல்ல மெஷின், டெக்னீஷியன் பையன்களும் தங்கமானவர்கள். ஆனால் ரத்த விஷயத்தில் அங்கே ஒரே ஒரு வழிதான்: ஹெச்பி பார், குறைவா, ஊசியைக் கூட்டு. வாரத்துக்கு இரண்டாக ஆரம்பித்தது மூன்றானது. மூன்று மாதத்துக்கு அப்புறமும் 7.4, 7.9, மறுபடி 7.5. பிரஷர் மட்டும் 170க்கு ஏறியது, இந்த ஊசிக்குப் பிரஷரை ஏற்றும் குணம் உண்டு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ஊசி வேலை செய்யவில்லை, கம்பெனி மாற்றுங்கள் என்றார்கள். மாற்றினோம். அப்புறம் ரத்தம் ஏற்றலாம் என்று இரண்டு யூனிட் ஏற்றினார்கள்.

அந்த ரத்தம் ஏற்றியதில் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் ஏற்றித்தான் ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்ய நினைக்கும் நோயாளிக்கு ஒவ்வொரு யூனிட் ரத்தமும், அடுத்தவர் திசுவுக்கு எதிரான ஆன்டிபாடியை உடம்பில் உண்டாக்கக்கூடும். அப்புறம் பொருந்துகிற கிட்னி கிடைப்பது கடினமாகும். அம்மா தன் கிட்னியைக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஊர்க்காரர் ஒருவர் சொல்லி வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினோம். அங்கே இருந்த நெஃப்ராலஜி (கிட்னி) டாக்டரம்மா எங்கள் ஃபைலை முன்னும் பின்னும் இரண்டு தடவை புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ஃபெரிட்டினும் டி.சாட்டும் எங்கேங்க?" நாங்கள் அந்தப் பெயரையே கேட்டதில்லை. ஃபெரிட்டின் என்பது உடம்பின் கிடங்கில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று காட்டும். டி.சாட் என்பது ரத்தத்தில் இரும்பை ஏற்றிப்போகிற வண்டியில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதன் சதவீதம். அப்பாவுக்கு ஃபெரிட்டின் 84, டி.சாட் 11. டி.சாட் 20க்குக் கீழே என்றாலே இரும்பு போதவில்லை என்று அர்த்தம், டயாலிசிஸ் நோயாளிக்கு ஃபெரிட்டின் சில நூறுகளிலாவது இருக்க வேண்டும் என்றார். ஊசி மஜ்ஜையிடம் செய், செய் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, செய்வதற்கு இரும்பு இல்லை. டாக்டரம்மா இதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா, "தறி ஓட்ட ஆளு வந்து நிக்கறாருங்க, நூலு வரலீங்க, அப்படித்தானுங்க?" என்றார். "அதேதாங்க" என்றார் அவர். ஒன்றரை வருடத்தில் அப்பா தன் நோயைப் பற்றி வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது.

இரும்பு மாத்திரை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தார் என்று கேட்டேன். கிட்னி நோயாளிக்குக் குடல் வழியாக இரும்பு ஏறுவது கஷ்டம். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற பொருள் இவர்கள் உடம்பில் அதிகமாகச் சேர்கிறது, அது குடலிலும் கிடங்கிலும் இரும்புக்குக் கதவைச் சாத்திவிடும். போதாததற்கு, ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறாமல் இருக்கக் கொடுக்கும் கால்சியம் மாத்திரையை அப்பா இரும்பு மாத்திரையோடு ஒரே வாயில் போட்டு விழுங்கிக்கொண்டிருந்தார். அதுவும் இரும்பை ஏற விடாது.

அதனால் அயர்ன் சுக்ரோஸ் ஊசி. இதற்கும் தனியாக விமர்சனம் எழுதலாம். 100 மில்லிகிராம், கெட்டிக் கடுங்காப்பி நிறம். 100 மில்லி சலைன் பாட்டிலில் கலந்ததும் அது மெல்ல மெல்லச் சுழன்று இறங்கி மொத்தப் பாட்டிலும் பழுப்பாகிவிடும். டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெஷின் லைனில் மெதுவாக ஏற்றுவார்கள், தனியாக ஒரு குத்து இல்லை. முதல் தடவை நர்ஸ் பக்கத்திலேயே நின்று அரிப்பு இருக்கிறதா, மூச்சு திணறுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார், அலர்ஜி வரலாம் என்பதற்காக. அப்பாவுக்கு வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி ஒரு ருசி, வேறொன்றும் இல்லை. பத்து டயாலிசிஸில் பத்து ஊசி. ரத்த ஊசியைக் கூட்டவே இல்லை, வாரம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். மூன்றாவது மாதம் ஹெச்பி 10.6. ரிப்போர்ட்டை வாங்கிய இடத்திலேயே நின்று அம்மாவுக்கு ஃபோன் போட்டேன், பேச்சு வரவில்லை.

ஏறட்டும் இன்னும் ஏறட்டும் என்று நாங்கள் ஆசைப்பட்டோம். ஒரு மாதம் 12.4 வந்தது, வீட்டில் பாயசம் வைக்காத குறை. டாக்டரம்மா முகம் மாறி, உடனே ஊசி அளவைக் குறைத்தார். சாதாரண ஆளுக்கு 13, 14 இருக்கலாம், அது இயற்கையாக இருப்பது. ஊசி போட்டு அந்த அளவுக்கு ஏற்றுவது வேறு. 2006இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் 13.5 வரை ஏற்ற முயன்றவர்களுக்கு மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம், மரணம் எல்லாம் சேர்ந்து அதிகமாகியது. 2009இல் சர்க்கரையும் கிட்னி நோயும் உள்ள 4,000க்கும் மேற்பட்டவர்களிடம் இதே வகை மருந்தை வைத்துச் செய்த ஆய்வில் பக்கவாதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் பொதுவாக 10க்கும் 11.5க்கும் நடுவில் வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டு ஆளுக்கு 11 வந்தபிறகு ஏன் ஊசியைக் குறைக்கிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள், காப்பாற்றத்தான் குறைக்கிறார்கள்.

இன்னொரு தடவை ஹெச்பி சர்ரென்று 8.8க்கு இறங்கியது. இரும்பு சரியாக இருந்தது, ஊசியும் தவறவில்லை. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்த ஃபிஸ்டுலா அடைத்துப்போய்க் கழுத்தில் டியூப் போட்டு டயாலிசிஸ் ஓடிய நேரம். அந்த டியூபில் தொற்று, ராத்திரியில் மட்டும் குளிர் காய்ச்சல். உடம்பில் தொற்றோ வீக்கமோ இருந்தால் ஹெப்சிடின் ஏறி இரும்பு கிடங்கிலேயே பூட்டிக்கொள்ளும், ரத்த ஊசியையும் மஜ்ஜை மதிக்காது. தொற்று இருக்கும்போது இரும்பு ஊசியையும் நிறுத்திவிட்டார்கள். டியூபை மாற்றி, ஆன்டிபயாட்டிக் முடித்து, ஆறு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்தது. ஊசிக்குப் பலன் இல்லை என்றால் இரும்பு, தொற்று, பி12, எங்கேயாவது மலத்தில் ரத்தம் போகிறதா, கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி, டயாலிசிஸ் நேரம் போதுமா என்று வரிசையாகத் தேட வேண்டியிருக்கிறது. தேடுகிற டாக்டர் கிடைப்பதுதான் பெரிய விஷயம்.

மெஷினிலும் ரத்தம் போகிறது. இதை நான் கண்ணால் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். டயாலிசிஸ் முடியும்போது டெக்னீஷியன் சலைனை ஓடவிட்டு டியூபில் இருக்கும் ரத்தத்தை உடம்புக்குத் திருப்புவார். சிவப்பு, அப்புறம் ரோஸ், அப்புறம் கழுநீர் நிறம். பொறுமையான ஆள் கழுநீர் நிறம் வரும்வரை நிற்பார். அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் காத்திருக்கிறார் என்று அவசரப்பட்டு ரோஸிலேயே கழற்றினால் அத்தனையும் குப்பைக்கூடைக்குப் போகிறது. ரத்தத்தை வடிகட்டும் டயாலைசர் உள்ளே முடி மாதிரி இருக்கும் இழைகளில் சிவப்புக் கோடு கோடாக உறைந்து நின்றால் அதுவும் நஷ்டம். வாரத்துக்கு மூன்று தடவை, வருடம் முழுக்க என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் இப்போது முடிகிற நேரத்துக்குச் சரியாக உள்ளே போய் நிற்கிறேன். "இன்னும் கொஞ்சம் ஓடட்டும் தம்பி" என்று சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை.

பக்கத்துப் பெட் அண்ணன் ஊசிக்குப் பதிலாக மாத்திரைக்கு மாறிவிட்டார். டெசிடுஸ்டாட் என்று பெயர், சைடஸ் கம்பெனி கண்டுபிடித்தது, 2022இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது, வாரத்துக்கு மூன்று நாள் சாப்பிடுவது. ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று உடம்பை நினைக்க வைத்து, அதுவாகவே ஹார்மோனைச் சுரக்க வைக்கிற மருந்து. ஃப்ரிட்ஜ் வேண்டாம், ஃபிளாஸ்க் வேண்டாம், பஸ்ஸில் பயமில்லாமல் கொண்டுவரலாம், அவருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. நாங்களும் கேட்டோம். அப்பாவுக்குக் காலில் ஒரு தடவை ரத்தக்கட்டி வந்திருப்பதால் இப்போதைக்கு ஊசியே இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. டயாலிசிஸ் வரை போகாமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுகிற கிட்னி நோயாளிகள் இதைப் பற்றித் தங்கள் டாக்டரிடம் கேட்கலாம். அவர்களுக்கு ஊசிக்காக ஒவ்வொரு தடவையும் நர்ஸைத் தேடிப்போகும் அலைச்சல் மிச்சமாகும்.

மதிப்பெண் கேட்டால் ரத்த ஊசிக்கு 5க்கு 4 கொடுப்பேன். குறைத்த ஒன்று விலைக்கும், குளிர்ச்சி கெட்டால் பார்வைக்குத் தெரியாமல் போவதற்கும். அயர்ன் சுக்ரோஸுக்கு 5. ஃபெரிட்டின், டி.சாட் இரண்டு டெஸ்டுக்கும் கணக்கில்லாமல் கொடுப்பேன், அதற்கு எங்களுக்கு ஆன செலவு தேவையில்லாமல் போட்ட ஊசிகளின் செலவில் ஒரு துளி.

போன மாதம் ஹெச்பி 10.9, டி.சாட் 23. அப்பா காலையில் பட்டறைக்கு ஏறிப்போய் மூன்றாம் தறிக்காரரிடம் பாவு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிறார், நாலாவது படியில் நிற்பதில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனை 15ஆம் தேதி. டி.சாட் 20க்குக் கீழே இறங்கியிருந்தால் மறுபடி இரும்பு ஊசி ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், ஃபிளாஸ்க்கைக் கழுவிக் காய வைத்திருக்கிறேன், ரத்த ஊசியும் இரண்டுதான் மிச்சம் இருக்கிறது.